இது பாவு, இது நாய்

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு சட்டம்தான் எழுதியிருக்கிறேன். அதில் முதலில் மாட்டிய ஆளும் நான்தான். அதைக் கண்ணாரப் பார்க்கும் பாக்கியம் ஆரணியில் ஏறக்குறைய நாற்பது பேருக்குக் கிடைத்தது. (அந்த நாற்பது பேரும் ஆளுக்கு நாற்பது பேரிடம் சொன்னார்கள். ஊர் சின்னது.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலை. பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவன்தான், ஆனால் தறியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று சொல்லிப் படித்து, மேஜைக்குத் தப்பித்துப் போனவன். வீட்டில் தறியில் உட்கார்ந்தது என் மனைவி மல்லிகா. அவள் நெய்வாள், நான் நெசவைப் பற்றிப் பேசுவேன். இந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பூங்கா இருந்தது. தண்ணீர் வராத நீரூற்று ஒன்று, ஒரு கொம்பு உடைந்த சிமெண்ட் மான் ஒன்று, சுற்றிலும் நடைபாதை. அப்போதுதான் ஊரில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சர்க்கரை வந்திருந்தது. டாக்டர்கள் நடக்கச் சொன்னார்கள். விடிந்ததும் பூங்கா நிறைந்துவிடும். நாலு பேர் சேர்ந்தால் சங்கம் வைக்காமல் இருக்க முடியாதே, ஒரு சங்கம் வைத்தோம். நான் செயலாளர். போட்டியே இல்லாமல் ஜெயித்தேன், வேறு யாருக்கும் அந்தப் பதவி வேண்டியிருக்கவில்லை.

பதவி கிடைத்துவிட்டது. அதற்கேற்ற பிரச்சினைதான் கிடைக்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தேன். பூங்காவுக்கு நாலு நாய்கள் வந்துகொண்டிருந்தன. பிடித்துக்கொண்டேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய் என்றால் பயம். ஒருமுறை கொசப்பாளையத்தில் ஒரு குட்டி நாய் (குட்டி என்றால் நிஜமாகவே குட்டி, கண் திறந்து நாலு வாரம் ஆகியிருக்கலாம்) என் பின்னால் ஓடிவர, நான் ஒரு மளிகைக் கடையின் அரிசி மூட்டைமேல் ஏறி நின்றிருக்கிறேன். ஆனால் சங்கக் கூட்டத்தில் பயம் என்று சொல்ல முடியுமா? பொதுநலம் என்று சொன்னேன்.

அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் ஏழு விதிகள் அடித்தேன். அதில் நாலாவது விதி எனக்கு மிகப் பிடித்தது. "பூங்காவினுள் நாய் புரியும் எச்செயலுக்கும் அதன் உரிமையாளரே முழுப் பொறுப்பாவார்." அந்த 'எச்செயலுக்கும்' என்ற சொல்லை மல்லிகாவிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். அவள் தறியை நிறுத்தாமலே தலையாட்டினாள்.

நாலு நாய்களில் உண்மையான தொல்லை ஒன்றுதான். ரைஸ்மில்காரர் ஒருவருடைய கறுப்பு நாய். அவர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். நாய் தன்னிஷ்டத்துக்குச் சுற்றி, நடக்கிறவர்களின் முழங்காலை மோந்து பார்க்கும். எல்லாரும் ஒரு கணம் சிலையாகி, அது நகர்ந்ததும் மறுபடி நடப்பார்கள். அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மீசை ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். அதனால் என் சட்டம் முழுக்கக் கோமளா அக்கா மேல் போய் விழுந்தது.

கோமளா அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். இரவு ட்யூட்டி முடித்து வீட்டுக்குப் போய், ஜூலி என்ற கிழட்டுப் பழுப்பு நாயைச் சங்கிலி போட்டு அழைத்து வருவார். கையில் ஒரு பழைய செய்தித்தாளும் ஒரு சின்னத் தகர முறமும் இருக்கும். ஜூலி ஏதாவது செய்துவிட்டால் அந்த இடத்திலேயே எடுத்துவிடுவார். ஜூலிக்கு ஒரு காது பாதிதான் இருந்தது. அது யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காது. எனக்குப் பயம் தராத ஒரே நாய் அதுதான் என்பதால், அதன்மேல்தான் என் கடுமையெல்லாம் காட்ட முடிந்தது.

ஏழு விதியில் என் ஆசை அடங்கவில்லை. நாய்களுக்கு முழுத் தடை என்று தீர்மானம் போட்டேன். "நாய்களை உள்ளே கொண்டுவரக் கூடாது" என்று தகரப் பலகை எழுதியாயிற்று. நகராட்சி ஆணையர் ஒரு வியாழக்கிழமை காலை வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் மாட்டிவிடலாம்.

அதற்கு முந்தின வாரம் கோமளா அக்கா என் அலுவலகத்துக்கே வந்தார். ஊரே அக்கா என்று கூப்பிடும் அவரை நான் "சொல்லுங்க மேடம்" என்றேன்.

"ஜூலிக்குப் பன்னெண்டு வயசாச்சு சார். எனக்கு ட்யூட்டி முடிஞ்சி வந்தா அந்த ஒரு மணி நேரந்தான். நாலு முகத்தப் பாத்துகினு நடப்பேன். வேற எங்க போறது?"

"விதி எல்லாருக்கும் பொது மேடம்" என்றேன். அவர் எழுந்து போனார். எனக்கு ஏதோ பெரிய நீதிபதி மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

ஆணையர் வரவேண்டிய வாரத்தில்தான் புஜ்ஜி வந்தது. மல்லிகாவின் தங்கை வேலூரில் இருந்தாள். குடும்பத்தோடு திருப்பதி, காளஹஸ்தி என்று ஒரு சுற்றுக் கிளம்பியவர்கள், முதலில் இங்கே வந்து நாயை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். கையில் அடங்கும் குட்டியாக இருந்தபோது வைத்த பெயர் புஜ்ஜி. அது அதன்பிறகு கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது, பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும். எல்லாரையும் பிடிக்கும் அதற்கு, என்னை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது. நான் நாற்காலிமேல் ஏறி நின்றால், கீழே உட்கார்ந்து வாலாட்டிக்கொண்டு காத்திருக்கும்.

கூட வந்த நைலான் கயிற்றை அது முதல் நாளே மென்று தின்றுவிட்டது. இரண்டாம் நாள் மல்லிகா குறுக்கிழைக்காக நூல் சுற்றி வைத்திருந்த தார்க் கண்டு இரண்டு போயின. மூன்றாவது நாள் வியாழக்கிழமை. விடியற்காலையில் மல்லிகா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்குப் புதுப் பாவு பிணைக்கணும். இது வூட்ல இருந்தா நான் தறில குந்தமாட்டேன். நீங்க போற எடத்துக்கு இட்டுகினு போங்க."

நாய்த் தடைப் பலகை மாட்டுகிற அன்றைக்கு நாயோடு போவதா? யோசித்தேன். உள்ளேதானே தடை, கேட்டுக்கு வெளியே கட்டினால் விதி மீறலாகாது. கட்டுவதற்குக் கயிறு? வீட்டில் கழிவுப் பட்டு இழை கூடை நிறையக் கிடந்தது, அரக்குச் சிவப்பில். பட்டைவிடப் பலமான நூல் உலகத்தில் உண்டா? உட்கார்ந்து பின்னினேன். கட்டை விரல் பருமனில், பளபளவென்று, பார்த்தால் யானைக்கே போடலாம் போல ஒரு கயிறு வந்தது. பரம்பரைப் பெருமை அதில் தெரிந்தது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். பட்டு நெய்கிறவர்கள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை முடிச்சுப் போட்டுச் சேர்க்க மாட்டார்கள். பழைய இழையையும் புது இழையையும் சேர்த்து வைத்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒரு திருகு. அவ்வளவுதான். அது தறியில் சேலை முடியும்வரை நிற்கும். நான் தறியில் உட்காராதவன்தான், ஆனால் இதெல்லாம் தெரியும் என்று காட்ட வேண்டாமா? கேட்டுக் கம்பியைச் சுற்றிக் கயிற்றின் நுனியைப் பிரித்து, சாம்பல் தொட்டுத் திருகிச் சேர்ப்பேன் என்று மல்லிகாவுக்கு விளக்கினேன். ஒரு பொட்டலத்தில் சாம்பலும் எடுத்துக்கொண்டேன்.

"பிணைச்சது நேரா இழுத்தாதான் நிக்கும். நாய் நேராவா இழுக்கும்? முடிச்சு போடுங்க" என்றாள்.

"முடிச்சு போட்டா அது பட்டுக்காரன் வேலையா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். எட்டு வயது மகள் ஆர்த்தியும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தாள்.

அன்று பூங்காவில் இன்னொரு விசேஷம். எங்கள் தெருவில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வழக்கமாகத் தெருவில் பாவு நீட்டுகிற ஏகாம்பரம், பூங்கா நடைபாதையில் நீட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். (செயலாளரிடம்தான் கேட்டார். நான் இரண்டு நாள் யோசித்துக் கொடுத்தேன்.) இரண்டு பக்கமும் கட்டை நட்டு, அறுபது அடி நீளத்துக்கு அரக்குச் சிவப்புப் பாவு இடுப்பு உயரத்தில் விரிந்து கிடந்தது. கஞ்சி தெளித்திருந்தார்கள், வெயில் அதன்மேல் விழுந்து மின்னியது. மூன்று சேலைக்கான பாவு. அதில் ஒன்று, அடுத்த முகூர்த்தத்தில் ஒரு பெண் மணவறையில் உட்காரும்போது கட்ட வேண்டிய சேலை. ஏகாம்பரம் அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

புஜ்ஜியைக் கேட்டில் கட்டினேன். ஒரே திருகு, பிசகில்லாமல். கொஞ்ச தூரத்தில் கோமளா அக்கா ஜூலியோடு நின்றிருந்தார். பலகை மாட்டும் முன்னால் கடைசியாக ஒருமுறை பூங்காவைப் பார்க்க வந்திருக்க வேண்டும். நான் அவரைப் பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

புஜ்ஜி கம்பியைச் சுற்றி வந்ததாம். ஒருமுறை, இரண்டுமுறை, நான் திருகியதற்கு நேர் எதிர்த் திசையில். ஆர்த்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பிணைப்பு ஓசையில்லாமல் பிரிந்தது. அதே நேரம் நடைபாதையில் ஒரு அணில் ஓடியது.

நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு வெள்ளை உருவம் கயிற்றை இழுத்துக்கொண்டு பாவுக்குக் கீழே நுழைந்துகொண்டிருந்தது. ஆறு மாதமாக நடந்த பூங்காவில் அன்றுதான் ஓடினேன். பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். விட்டிருந்தால் அணிலோடு போயிருக்கும். நான் பிடித்ததும் அது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. என்னையும் பாவையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றியது. கால் தடுக்கி நான் மல்லாந்து விழுந்தேன், பாவு என்மேல் தொய்ந்தது, புஜ்ஜி வந்து என் மார்பில் ஏறிப் படுத்தது.

கயிறு அறவில்லை. அறுந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள். ஏகாம்பரம் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என் கயிற்றின் நுனி பிரிந்து நூற்றுக்கணக்கான இழையாகிப் பாவோடு கலந்திருந்தது. இரண்டும் ஒரே சாயத்தொட்டியில் நனைந்த அரக்குச் சிவப்பு. எதை வெட்டுவது? நாய் ஒருமுறை துள்ளினால் மொத்தமும் போச்சு.

"யாரும் கைய வெக்காதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்க மூச்சு மட்டும் வுடுங்க."

நான் மூச்சு விட்டேன். புஜ்ஜிக்கு அது கூசியிருக்கும் போல, எழுந்திருக்கப் பார்த்தது. கூட்டம் மொத்தமும் உறைந்தது. அப்போது கேட்டுக்கு வெளியே "ஜூலி, குந்து" என்ற குரல் கேட்டது. ஜூலி உட்கார்ந்தது. கோமளா அக்கா உள்ளே வந்து, என் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, புஜ்ஜியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். ஊரே டிரங்க் காலில் கேட்ட அதே குரலில், "லைன்லயே இரு கண்ணு... லைன்லயே இரு" என்றார். புஜ்ஜி தலையை என் கழுத்தில் சாய்த்துக்கொண்டது.

ஆர்த்தி ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தாள். மல்லிகா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "முடிச்சு" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஏகாம்பரத்துக்கு எதிரில் உட்கார்ந்து, இழைகளை ஒவ்வொன்றாக விரலில் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். கஞ்சி பட்டது விறைப்பாக இருக்கும், படாதது வழுக்கும். "இது பாவு" என்று ஒதுக்கினாள். "இது நாய்." மறுபடி, "இது பாவு. இது பாவு. இது நாய்." இடையில் ஓரிழை என் சட்டைப் பொத்தானில் மாட்டியிருந்தது. "இது இவரு" என்றாள். பிரித்த இழைகளைக் கலையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நடக்க வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று, ஆளுக்கொரு கொத்து இழையை ஏந்திக்கொண்டார்கள்.

ஆணையர் வந்தது அந்த நேரத்தில்தான். நான் படுத்த நிலையில் வணக்கம் சொன்னேன். கை கட்டுண்டிருந்ததால் கண்ணால்தான் சொல்ல முடிந்தது. அவர் கேட்டோரம் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்மேல் படுத்திருந்ததைப் பார்த்தார்.

"யார் நாய் இது?"

நாற்பது பேர் இழையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் சங்கச் செயலாளர். ஏழு விதிகளை எழுதியவன். வாய் தானாகச் சொன்னது.

"தெரியல சார். தெரு நாய் போல."

புஜ்ஜி என் காதை நக்கியது.

"தெரு நாய்னா நாய் புடிக்கிற வண்டிய வரச் சொல்றேன். பிரிச்சதும் ஏத்திடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் உதவியாளருக்குக் கைகாட்டினார். அவரும் ஜீப்பை நோக்கி நடந்தார்.

மல்லிகாவின் விரல்கள் நின்றுவிட்டன. அவள் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கோமளா அக்கா அந்த நிமிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அவர் புஜ்ஜியின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. கையில் ஒரு கொத்து இழையோடு நின்ற ஆர்த்தி மட்டும், "அப்பா?" என்றாள்.

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குமுன் நான் பட்டதெல்லாம் கூச்சம்.

"சார்" என்றேன். ஆணையருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சார், என் நாய்தான். நான்தான் கட்டினேன். சரியாக் கட்டல. பொறுப்பு என்னுதுதான்."

ஆணையர் உதவியாளரைத் திரும்பக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து நான் அனுப்பியிருந்த தாளை எடுத்துப் படித்தார். "எச்செயலுக்கும்னு போட்டிருக்கு. யார் எழுதினது?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிமெண்ட் மான் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

முழுதாகப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாவு பிழைத்தது. பத்துப் பன்னிரண்டு இழை அறுந்திருந்தன. மல்லிகாவே உட்கார்ந்து, என் பொட்டலத்துச் சாம்பலைத் தொட்டே பிணைத்துக் கொடுத்தாள். நான் எழுந்ததும் ஏகாம்பரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "பாவு இருக்குது இல்ல சார், வுடுங்க" என்றார். பிறகு கோமளா அக்காவிடம் போனேன். "அக்கா, நாளைக்கு ஜூலியக் கூட்டிகினு வாங்க" என்றேன். அதுதான் நான் முதன்முதலில் அவரை அக்கா என்று கூப்பிட்டது.

"வரேன் சார். ஆனா ஒண்ணு. இவ்ளோ பேர் முன்னாடி என் நாய்னு சொல்லிட்டீங்க. இனிமே ரைஸ்மில்காரர் கிட்டப் போய் நாயப் புடிங்கன்னு சொல்றதுக்கு இன்னா பயம்?"

மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "இத்தினி நாளா யாரும் சொல்லலியே" என்றார். அதற்கடுத்த நாள் சங்கிலியோடு வந்தார். பலகையில் 'கொண்டுவரக் கூடாது' என்பதை அழித்து, 'சங்கிலி போட்டு அழைத்து வரவும்' என்று எழுதினோம். அது பல வருடம் கேட்டில் தொங்கியது. ஜூலி இன்னும் இரண்டு வருடம் அந்தப் பூங்காவில் நடந்தது. கடைசி மாதங்களில் அது மானுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும், அக்கா ஒரு சுற்றுப் போய்வரும்வரை சங்கிலியை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது.

அந்தப் பாவில் நெய்த மூன்று சேலைகளில் ஒன்று முகூர்த்தத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. ஒன்றை நாங்களே எடுத்துக்கொண்டோம். முந்தானைக்குப் பக்கத்தில், உற்றுப் பார்த்தால், ஒரு வெள்ளை முடி சேர்த்து நெய்யப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் அதன் பெயர் புஜ்ஜி சேலை.

எனக்கு மிஞ்சியது அந்த வார்த்தை. அதன்பிறகு வீட்டில் பால் பொங்கினாலும், கரண்டு பில் கட்ட மறந்தாலும், "யாரு?" என்று மல்லிகா கேட்பாள். குற்றவாளி "என் நாய்தான்" என்று சொல்ல வேண்டும். வேறு சமாதானம் செல்லாது. ஆர்த்தி கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோது, மதிப்பெண் பட்டியலை என் முன்னால் வைத்துவிட்டு அதைத்தான் சொன்னாள். நான் என்ன திட்ட முடியும்?

பன்னிரண்டு, பதிமூன்று வருடம் கழித்து ஆர்த்திக்கு நிச்சயதார்த்தம். புஜ்ஜி சேலையைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை சென்னைப் பையன். ரொம்ப அடக்கம், எங்களோடு நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார். காப்பித் தட்டை வாங்கி அவளிடம் நீட்டும்போது கை தவறி, ஒரு டம்ளர் காப்பி அப்படியே முந்தானையில் கவிழ்ந்தது.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை வியர்த்துப்போய் நின்றார். தட்டு தடுக்கியது என்று சொல்லியிருக்கலாம், பக்கத்தில் நின்றவர் இடித்தார் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார்.

"என் நாய்தான் மாமா" என்றார். ஆர்த்தி சொல்லி வைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லிகா ஈரத்துணியோடு வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முந்தானையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது பாவு" என்றாள். "இது நாய். இது மாப்ள."